சில்லறைக்குப் பதில் மிட்டாய் - 'ஓசி' பிசினஸ் கிளாஸ் கணக்கு

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பெட்டிக்கடையில் எட்டு ரூபாய்க்கு ஏதோ வாங்கிவிட்டு பத்து ரூபாயை நீட்டினால் மீதி என்ன வரும்? இரண்டு மிட்டாய் வரும். "சில்லறை இல்லீங்க" என்பார் கடைக்காரர். மறுநாள் அதே இரண்டு மிட்டாயைத் திருப்பிக் கொடுத்து ஒரு தீப்பெட்டி கேட்டுப் பாருங்கள். மேலும் கீழும் பார்ப்பார். அவர் கொடுக்கும்போது மிட்டாய் பணம். நாம் கொடுக்கும்போது அது வெறும் மிட்டாய்!

விமானக் கம்பெனிகள் இதே வியாபாரத்தை நாற்பது வருடத்துக்கு மேலாகச் செய்து வருகின்றன. அங்கே மிட்டாய்க்குப் பெயர் 'மைல்'.

"நாலு லட்ச ரூபாய் பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டை வெறும் ஒன்பதாயிரத்துக்குப் பிடித்தேன்!" இந்த மாதிரி வீரக்கதைகள் இப்போது எங்கு பார்த்தாலும் கிடைக்கின்றன. படுக்கையாக மாறும் சீட், கையில் ஒரு கண்ணாடி டம்ளர், ஜன்னலில் மேகம், ஒரு போட்டோ. கீழே எந்தக் கடனட்டை வாங்கவேண்டும் என்று ஒரு சுட்டி. அதைச் சொடுக்கி யாராவது அட்டை வாங்கினால் சொன்னவருக்குக் கமிஷன் போகும் என்பது மட்டும் பல சமயம் பொடி எழுத்தில் இருக்கும். முதல் சம்பளம் வாங்கிய கையோடு மூன்று கடனட்டைக்கு மனுப் போடும் பையன்கள் இந்தக் கதைகளைக் கேட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

பிசினஸ் கிளாஸில் போக ஆசைப்படுவது தப்பே இல்லை. பத்து மணி நேரம் முழங்காலை மடக்கி உட்கார்ந்து வந்தவர்களுக்கு அந்த ஆசையின் நியாயம் தெரியும். ஆனால் அதற்கு மைல் 'சேமிப்பது'தான் வழி என்று சொல்கிறார்களே, அது கணக்குத் தெரியாதவர்களைப் பிடிக்கும் வலை. நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு மலிவான பிசினஸ் கிளாஸ் என்றால் பெரும்பாலும் அது ரொக்க விலையில்தான் இருக்கிறது.

மிட்டாய் பிறந்த கதை

1978-ல் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியது. யாரும் எந்த விலைக்கும் டிக்கெட் விற்கலாம் என்றதும் அடிதடிப் போட்டி. வாடிக்கையாளரைக் கட்டிப் போட ஒரு கயிறு தேவைப்பட்டது. 1981 மே 1-ம் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட்டும் 'மைலேஜ் ப்ளஸ்' என்று இறங்கியது.

அன்றைய ஏற்பாடு நியாயமானதுதான். அடிக்கடி பறப்பவருக்கு, எப்படியும் காலியாகப் போகப்போகிற சீட்டைப் பரிசாகக் கொடுத்தார்கள். கம்பெனிக்குக் கூடுதல் செலவு ஒரு சாப்பாடும் கொஞ்சம் எரிபொருளும். பயணிக்கு ஒரு டிக்கெட். இரண்டு பேருக்கும் லாபம்.

பிறகு வங்கிகள் உள்ளே வந்தன. 1987-ல் சிட்டி வங்கி அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு சேர்ந்து அட்டை கொண்டுவந்தது. அதற்கப்புறம் மைல் சம்பாதிக்கப் பறக்கவே தேவையில்லை, மளிகை வாங்கினால் போதும் என்றாகிவிட்டது. வங்கி விமானக் கம்பெனியிடம் மைல்களை மொத்த விலைக்குக் காசு கொடுத்து வாங்குகிறது. அதை அட்டைக்காரர்களுக்குக் கிள்ளிக் கிள்ளிக் கொடுக்கிறது. பரிசுப் பொருள் என்று தொடங்கியது விற்பனைச் சரக்காக மாறிவிட்டது.

எவ்வளவு பெரிய சரக்கு தெரியுமா? 2023-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் மூலமாக மட்டும் டெல்டா கம்பெனிக்கு வந்த தொகை ஏறக்குறைய 680 கோடி டாலர். 2020-ல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் தன் மைலேஜ் திட்டத்தை அடகு வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. அந்தத் திட்டத்தின் மதிப்பு சுமார் 2,190 கோடி டாலர் என்று காட்டினார்கள். அதே நேரத்தில் பங்குச் சந்தையில் மொத்த யுனைடெட் கம்பெனியின் மதிப்பு அதில் பாதியை ஒட்டித்தான் இருந்தது!

அதாவது விமானம், பைலட் எல்லாம் சேர்ந்த கம்பெனியை விட மிட்டாய் டப்பாவுக்கு விலை அதிகம். இவ்வளவு லாபம் வரும் ஒரு பொருளை வாங்குபவர்களில் பெரும்பாலானவர்களும் லாபம் பார்க்கிறார்கள் என்று நம்ப முடியுமா?

கடன்காரனே வட்டியை நிர்ணயித்தால்...

கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு விமானக் கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பில் மைல்கள் எந்தப் பக்கம் வரும்? பொறுப்புகள் பக்கம். சர்வதேச அளவில் ஐஎஃப்ஆர்எஸ் 15, இந்தியாவில் 2018 ஏப்ரல் 1 முதல் இண்ட் ஏஎஸ் 115, இரண்டும் சொல்வது ஒன்றுதான். பத்தாயிரம் ரூபாய் டிக்கெட்டோடு மைலும் கொடுத்தால் பத்தாயிரத்தையும் உடனே வருமானமாகக் காட்ட முடியாது. மைலுக்கு உரிய பங்கைத் தனியே எடுத்து வைக்கவேண்டும். பயணி அதைப் பயன்படுத்தும்போதுதான் வருமானம்.

ஆக, மைல் என்பது பரிசு இல்லை. கம்பெனி பயணிக்குத் தரவேண்டிய பாக்கி.

சாதாரண பாக்கிக்கு ஒரு மரியாதை உண்டு. ஆயிரம் ரூபாய் கைமாற்று வாங்கியவர் "இன்று முதல் என் ஆயிரம் என்பது எழுநூறுதான்" என்று சொல்ல முடியாது. மைல் விஷயத்தில் சொல்ல முடியும், சொல்லியும் இருக்கிறார்கள். எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற அட்டவணையை டெல்டா 2015-ல் எடுத்துவிட்டது. தன் சொந்த விமானங்களுக்கு யுனைடெட் 2019-ல் எடுத்தது. அமெரிக்கன் 2023-ல் எடுத்தது. இப்போது அன்றன்றைக்கு கம்ப்யூட்டர் சொல்வதுதான் விலை. நம் ஊர்க்காரர்கள் அதிகம் சேர்க்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் அட்டவணையை வைத்திருக்கிறது. ஆனால் 2022-லும் 2025-லும் தேவைப்படும் மைல்களை ஏற்றிவிட்டது. போதாததற்கு அந்த மைல்களுக்கு மூன்று வருடம்தான் ஆயுள்.

காலாவதியாகும் மைல்களுக்குக் கணக்கில் ஒரு பெயரே உண்டு, 'பிரேக்கேஜ்'. இத்தனை சதவீதம் பேர் கடைசிவரை கேட்கவே மாட்டார்கள் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு அதையும் வருமானத்தில் சேர்த்துக்கொள்வார்கள். மறதிக்கும் ஒரு விலை போட்டு வைத்திருக்கிறார்கள்.

கம்பெனியே படுத்துவிட்டால்? 2012-ல் கிங்ஃபிஷர் நின்றது. 'கிங் கிளப்' புள்ளிகள் வைத்திருந்தவர்கள் யாரிடம் போய்க் கேட்பது? 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. அதன் மைல் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் தப்பித்து அதே வருடம் 'இன்டர்மைல்ஸ்' என்று பெயர் மாறியது. ஆனால் எந்த விமானத்தின் பிசினஸ் கிளாஸுக்காக அந்த மைல்களைச் சேர்த்தார்களோ அந்த விமானம் இல்லை. வங்கி வைப்புக்காவது காப்பீடு உண்டு. மைலுக்கு அப்படி எதுவும் கிடையாது.

பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்

சரி, கணக்குக்கு வருவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான். அவரவர் அட்டைக்குத் தகுந்தபடி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு அட்டை 100 ரூபாய் செலவுக்கு 2 மைல் தருகிறது. இன்னொரு அட்டை 2 சதவீதம் ரொக்கமாகத் திருப்பித் தருகிறது. ஐரோப்பாவுக்கு ஒரு வழி பிசினஸ் கிளாஸ் 1 லட்சம் மைல் என்று வைத்துக்கொள்வோம்.

1 லட்சம் மைலுக்கு எவ்வளவு செலவு செய்யவேண்டும்? 50 லட்சம் ரூபாய். அதே 50 லட்சத்தை இரண்டாவது அட்டையில் செலவு செய்திருந்தால் 1 லட்ச ரூபாய் கையில் வந்திருக்கும். பொருளாதாரப் பாடத்தில் முதல் வருடமே வரும் 'வாய்ப்புச் செலவு' இதுதான். அந்த 'ஓசி' டிக்கெட்டின் உண்மையான விலை 1 லட்சம். அதோடு வரிகள், கம்பெனி போடும் கூடுதல் கட்டணம் என்று ஒரு 20 ஆயிரம். போக வர 2,40,000 ரூபாய். தள்ளுபடி சமயத்தில் அதே பயணம் ரொக்கத்துக்கு 2 லட்சத்தில் கிடைத்தால் 'ஓசி'யில் போனவருக்கு 40 ஆயிரம் நஷ்டம்! அது தெரியாமல் அவர் போட்டோ போட்டுக்கொண்டிருப்பார் :-)

இன்னொன்று. மாதம் 50 ஆயிரம் அட்டையில் செலவு செய்பவர் 50 லட்சத்தைத் தொட நூறு மாதம் ஆகும். எட்டு வருடம் நாலு மாதம். அதுவும் ஒரு வழிக்கு! வரவேற்பு போனஸ், இரட்டைப் புள்ளி எல்லாம் சேர்த்துப் பாதியாகக் குறைந்தாலும் நாலு வருடத்துக்கு மேல். அதற்குள் அட்டவணை எத்தனை முறை மாறும்?

"ஆனால் அந்த டிக்கெட் நாலு லட்சம் ஆச்சே?" என்று கேட்பார்கள். ஆடித் தள்ளுபடியில் பத்தாயிரம் என்று போட்டு அடித்து இரண்டாயிரம் என்று எழுதிய புடவையை வாங்கிவிட்டு "எட்டாயிரம் லாபம்" என்று வீட்டில் சொல்வது போலத்தான் இது. அந்த நாலு லட்சத்தைக் கைக்காசு போட்டுக் கொடுத்திருப்பாரா? மாட்டார். அவர் மனதார எவ்வளவு கொடுத்திருப்பாரோ அதுதான் அவருக்கு அந்த சீட்டின் மதிப்பு. மைலுக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை அந்தத் தொகையில் இருந்து கணக்கிடவேண்டும், யாரும் கொடுக்காத முழு விலையில் இருந்து அல்ல.

ஓசிக்குக் காசு யாருடையது?

கடனட்டையில் பணம் வாங்கும் கடைக்காரர் ஏறக்குறைய 2 சதவீதம் கட்டணம் கட்டுகிறார். அவர் அதைத் தன் தலையில் போட்டுக்கொள்வாரா? சரக்கு விலையில் ஏற்றுவார். அந்த விலையை ரொக்கம் கொடுப்பவரும், யுபிஐ-யில் கொடுப்பவரும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். மைல் மட்டும் அட்டைக்காரருக்கு.

பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010-ல் அமெரிக்காவுக்கு இதைக் கணக்குப் போட்டார்கள். ரொக்கத்தில் வாங்கும் ஒரு குடும்பம் சராசரியாக வருடத்துக்கு 149 டாலர் இழக்கிறது. அட்டையில் வாங்கும் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது. ஏழை வீட்டில் இருந்து பணக்கார வீட்டுக்குப் போகும் மொய் அது. திரும்பி வராத மொய்!

இரண்டாவது படியளப்பவர், மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்ட முடியாதவர். இந்தியாவில் பல அட்டைகளின் வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதம், அதாவது வருடத்துக்கு 42 சதவீதம். 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. 50 ஆயிரத்தை ஒரு மாதம் தள்ளிப் போட்டால் வட்டி மட்டும் 1,750 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. அந்த 50 ஆயிரம் செலவுக்குக் கிடைத்த மைலின் மதிப்பு, மேலே போட்ட கணக்குப்படி, 1,000 ரூபாய். ஒரே ஒரு மாதம் தவறினால் ஏறக்குறைய இரண்டு மாத மைல் காலி.

மூன்றாவது, அலுவலகம். உண்மையிலேயே நிறைய மைல் வைத்திருப்பவர்களில் பலர் கம்பெனி செலவில் பறப்பவர்கள். டிக்கெட்டுக்குப் பணம் முதலாளியுடையது, மைல் ஊழியருடையது. எந்த விமானம் மலிவு என்று பார்க்காமல் எதில் மைல் வரும் என்று பார்க்கத் தோன்றுமா, தோன்றாதா? 2002-ல் ஜெர்மனியில் அரசுப் பயணத்தில் சேர்த்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்திய விஷயம் வெளியே வந்து பெரிய ரகளை ஆனது. பெர்லின் மாநில அமைச்சராக இருந்த கிரிகோர் கீஸி பதவி விலகினார். பசுமைக் கட்சியின் செம் ஓஸ்டெமிரும் பொறுப்பில் இருந்து இறங்கினார். அங்கே அது பதவி போகும் அளவுக்கு வெட்கக்கேடு. இங்கே அது 'ட்ரிக்'!

"முழுசாகக் கட்டுகிறவனுக்கு என்ன நஷ்டம்?"

நல்ல கேள்வி. எப்படியும் செய்யப்போகிற செலவை மட்டும் அட்டையில் செய்து, தேதி தவறாமல் முழுசாகக் கட்டி, ரொக்கத் தள்ளுபடியோடு ஒப்பிட்டுப் பார்த்து மைலைத் தேர்ந்தெடுப்பவர் ஜெயிக்கலாம். அப்படி ஆட்கள் இருக்கிறார்கள். 1999-ல் கலிஃபோர்னியாவில் ஒரு பொறியாளர் ஒரு உணவுக் கம்பெனியின் மைல் சலுகையைப் படித்துவிட்டு, சுமார் 3,000 டாலருக்கு 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புட்டிங் கப்புகளை வாங்கி 12 லட்சத்துக்கு மேல் மைல் சேர்த்தார். கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் அது கம்பெனி கணக்கில் செய்த தப்பு. அவர் தப்பைக் கண்டுபிடித்தார். தினமும் நடக்கிற ஏற்பாட்டில் அந்த மாதிரித் தப்பு இருக்காது.

மேலும், "இன்னும் 12 ஆயிரம் செலவு செய்தால் போனஸ்" என்ற செய்தி வரும்போது தேவையில்லாத ஒரு ஹெட்போன் வாங்காமல் இருப்பவர் எத்தனை பேர்? செலவைத் தூண்டத்தான் அந்தத் திட்டமே. லாபம் வராவிட்டால் வங்கி ஏன் மைலைக் காசு கொடுத்து வாங்கப் போகிறது?

இன்னொரு வேடிக்கை. சமீப வருடங்களில் உலகமே பேசிய மலிவான பிசினஸ் கிளாஸ் எது? 2019 புத்தாண்டு அன்று வியட்நாமின் டா நாங்கில் இருந்து நியூயார்க் போய் வர 675 டாலருக்குக் கேத்தே பசிஃபிக் தவறுதலாக விற்ற டிக்கெட். தப்புதான் என்று ஒப்புக்கொண்டு அந்த டிக்கெட்டுகளை மதித்தது கம்பெனி. அதற்கு ஒரு மைல் கூடத் தேவைப்படவில்லை. எல்லாம் ரொக்கம்!

அப்போ என்னதான் செய்வது?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது அழகில்லை. வழி இருக்கிறது.

1. விலை தூரத்துக்கு இல்லை, சந்தைக்கு. ஒரே கம்பெனியின் ஐரோப்பியப் பயணம் சென்னையில் தொடங்குவதை விட கொழும்பில் தொடங்கினால் பல சமயம் மலிவு. ஆனால் கொழும்பு வரை தனி டிக்கெட். அந்த விமானம் தாமதமானால் அடுத்த கம்பெனி பொறுப்பேற்காது. ஒரு நாள் முன்னதாகப் போய்விடுவது நல்லது. முதல் கட்டத்தைத் தவிர்த்துவிட்டு நடுவில் ஏறலாம் என்று நினைத்தால் மொத்த டிக்கெட்டும் ரத்தாகிவிடும்.

2. பிசினஸ் கிளாஸின் முதல் வாடிக்கையாளர் கம்பெனி அதிகாரி. அவர் வீட்டில் இருக்கும் காலம், ஆகஸ்ட் விடுமுறை, கிறிஸ்துமஸ் மாதிரி நாட்கள், அந்த சீட்டுகள் தள்ளுபடிக்கு வரும் காலம். நேர் விமானத்தை விட ஒரு இடத்தில் இறங்கி ஏறும் விமானம் பெரும்பாலும் மலிவு.

3. எகானமி டிக்கெட் வாங்கியவர்களிடம் பல கம்பெனிகள் பயணத்துக்குச் சில நாள் முன்பு ஏலம் கேட்கின்றன. ஒரு தொகையைச் சொல்லி வைக்கலாம். கிடைத்தால்தான் பணம் எடுப்பார்கள்.

4. தேவையா என்று பார்க்கவேண்டும். சென்னை - சிங்கப்பூர் நாலு மணி நேரம். சாப்பிட்டு முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். சென்னை - லண்டன் பத்து மணி நேரத்துக்கு மேல். காசு போடுவதானால் அங்கே போடவேண்டும். இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் பிசினஸ் கிளாஸுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், எகானமிக்கு 5 சதவீதம் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

5. கையில் ஏற்கெனவே மைல் இருக்கிறதா? சீக்கிரம் செலவழித்துவிடவேண்டும். சீட் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் வங்கிப் புள்ளியை மைலாக மாற்றவேண்டும், மாற்றினால் பொதுவாகத் திரும்ப வாங்க முடியாது. ரொக்க விலையில் இருந்து வரி, கூடுதல் கட்டணத்தைக் கழித்து மைல் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ரொக்கத் தள்ளுபடி அட்டையை விட ஒரு மைலுக்குக் குறைவாகக் கிடைத்தால் காசு கொடுத்தே டிக்கெட் வாங்குங்கள். வாங்கும் சீட்டின் விலையும் அந்தத் தள்ளுபடி விலையாகத்தான் இருக்கவேண்டும், விளம்பர முழு விலையாக அல்ல.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையே 2024 செப்டம்பரில் நாலு பெரிய விமானக் கம்பெனிகளிடம் இந்தத் திட்டங்கள் பற்றிக் கேள்வி கேட்டது. மதிப்பை எப்படிக் குறைக்கிறீர்கள், விலையை ஏன் மறைக்கிறீர்கள் என்பதெல்லாம் அதில் இருந்தன. அரசாங்கத்துக்கே சந்தேகம் வந்த பிறகும் இருபத்திரண்டு வயதுப் பையன் சம்பளத்தை வங்கியில் போடாமல் மைலில் 'சேமித்து'க்கொண்டிருக்கிறான்.

சேமிப்பதென்றால் ரூபாயாகச் சேமிக்கலாம். மாதம் ஐந்தாயிரம் தொடர் வைப்பில் போட்டால் மூன்று வருடத்தில் அசலே 1,80,000, வட்டி தனி. எந்தக் கம்பெனி மூழ்கினாலும் வேறு கம்பெனியில் டிக்கெட் வாங்கலாம். எந்தத் தேதியிலும் வாங்கலாம். நடுவில் அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அதற்கும் கட்டலாம். ஆஸ்பத்திரி கவுண்டரில் மைலை நீட்டினால், பெட்டிக்கடைக்காரர் பார்த்த அதே பார்வைதான் கிடைக்கும்.

அடுத்த முறை யாராவது மிட்டாயை நீட்டினால் "பரவாயில்லை, சில்லறையே கொடுங்க" என்று கேட்டு வாங்குங்கள்.